கடன் கொப்பி

முப்பத்தோராயிரத்து ஐந்நூறு.
தண்ணீர் மோட்டருக்கென்று வைத்திருந்த காசு.
இந்த மழைக்குக் கிணறே கட்டைத் தொட்டு நிற்கிறது,
மோட்டர் தை கழிய வரட்டும்.

ஸ்ரான்லி வீதியில்
கணக்காய்வு அலுவலகத்தின் மூன்றாவது மேசை நான்.
ஊரின் நல்ல மனதெல்லாம்
வருட முடிவில் பெட்டி பெட்டியாக என்னிடம் வரும்.
போன வெள்ளத்துக்கு ஒரு சங்கம்
நாலு இலட்சத்துக்குச் சாமான் கொடுத்தது.
பதாகைக்கு முப்பத்தெட்டாயிரம்,
கொண்டுபோனவர்களின் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபத்திரண்டு.
களவில்லை. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது.
பச்சை மையால் சரி போட்டேன்.

இப்போது மலை சரிந்திருக்கிறது.
காலையிலிருந்து ஓர் ஓட்டோ ஒலிபெருக்கியோடு சுற்றுகிறது:
அரிசி, பருப்பு, பழைய உடுப்பு.
கோயிலடியில் ஒரு மேசை.
பழைய மாணவர் சங்கத்தில் இன்னொன்று,
தருபவர் பெயர் தொகையோடு மலரில் வருமாம்.
ஸ்காபரோவிலிருந்து ரஜீவன் கேட்கிறான்,
"மச்சாள், நம்பிக்கையான ஆக்கள் ஆர்?"
கணக்குப் பார்க்கிறவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறான்.
எனக்குத் தெரிவது
சீட்டு எந்த இடத்தில் முடிகிறது என்பது மட்டும்.

பழைய உடுப்பு என்றதும்
மணற்காட்டுக்கு வந்த லொறி.
கடல் ஏறி இறங்கி ஒன்பதாம் நாள்.
எனக்குப் பன்னிரண்டு வயது. என் பங்குக்கு
பஞ்சு வைத்த குளிர்க் கோட்டு ஒன்று,
முழங்காலுக்குக் கீழே வரும்.
பொக்கற்றுக்குள் ஒரு பஸ் ரிக்கற், தெரியாத பாசையில்.
சிப்பை வெட்டி என் புத்தகப் பைக்குத் தைத்தாள் அம்மா.
மிச்சம் நாய்க்குப் படுக்கை.
கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை,
அந்த மாரி முழுக்க நாய் சுகமாய்ப் படுத்தது.

நாங்கள் சாப்பிட்டது
குடத்தனைச் சந்தியில் மரியநாயகத்தின் கடையால்.
மா, சீனி, லாம்பெண்ணெய்,
ஒருமுறை கேட்காமலே
பெண்பிள்ளைக்கு வேணும் என்று ஒரு பொதி, பேப்பரில் சுற்றி.
எல்லாம் கொப்பியில்.
நட்டஈடு வந்த அன்று அம்மா காசோடு போனாள்.
அவர் விரித்துக் காட்டினாராம்.
எங்கள் பக்கம் இருந்த இடத்தில்
நூலோடு ஒட்டிய கொஞ்சத் தாள், பல்லுப் பல்லாய்.
"உங்கட பேரிலை ஒண்டும் இல்லையே, அக்கா."

பக்கம் கிழிந்திருந்தால் ஆட்சேபணை எழுதவேண்டும்.
எட்டு வருடமாய் எழுதுகிறேன்.
அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை.

திருநெல்வேலிச் சந்தைக்குக் கரட் ஏற்றி வரும்
நிசாமிடம் கேட்டேன்:
அங்கே இப்ப ஆர் கடன் குடுக்கிறார்?
அவர் யோசிக்கவில்லை. இலக்கம் சொன்னார்.

கந்தப்பளைக்கு மேலே ஒரு கடை. வீரமலை.
மூன்றாம் தரம்தான் எடுத்தார்.
"எந்த நிறுவனங்க?"
"நிறுவனம் இல்லை. யாழ்ப்பாணம்."
"படம் எடுக்க வருவீங்களா?"
"இல்லை."
கொஞ்ச நேரம் தகரத்தில் மழை மட்டும்.
பிறகு,
"கொப்பி நனைஞ்சிருச்சுங்க, அடுப்புக்கு மேல காயுது.
தொண்ணூத்தி நாலாயிரத்துச் சொச்சம் வரும்.
பேரெல்லாம் வாசிக்கவா?"
வேண்டாம் என்றேன். என் தொகையைச் சொன்னேன்.
பற்றுச்சீட்டு என்ற சொல் நாக்குவரை வந்தது,
விழுங்கினேன்.

"சரிங்க. இது மூணுல ஒரு பங்கு.
யாரு பேர வெட்டட்டும்?"

எங்கே கொடுப்பது என்று நாலு நாள் யோசித்தவள் நான்.
அதோடு முடிந்தது என்று இருந்தேன்.
அவர் காத்திருக்கிறார். மழை கேட்கிறது.
கையில் பச்சைப் பேனை,
மூடியைத் திறந்து
மூடி
திறந்து